எபாக்ஸி புராஜெக்டும் ஐப்பசி மழையும்

கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய் வந்துதான் என் எம்.எஸ்சி. புராஜெக்டை முடித்தேன். எபாக்ஸி ரெசின் (ஹார்டனர் கலந்தால் கெட்டியாகும் செயற்கைப் பிசின்) எப்படி இறுகுகிறது, தண்ணீரில் எப்படிக் கெடுகிறது என்பது தலைப்பு. இந்த வருஷம் இதே பக்கம் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எடைக் கணக்கு. வீட்டில் ஒட்டும் பசையைப் போலப் பாதிக்குப் பாதி கலக்கிற வேலை இல்லை இது. பிஸ்பினால்-ஏ ரெசினின் எபாக்ஸி சமான எடை, அதாவது ஒரு எபாக்ஸி தொகுதிக்கு விழும் எடை, சுமார் 190. இறுக வைக்கும் ஹார்டனராக வரும் டெட்டா (TETA) என்ற அமைனின் மூலக்கூறு எடை 146. அதில் வினைபுரியும் ஹைட்ரஜன் 6. வகுத்தால் 24.4. அதை 100-ஆல் பெருக்கி 190-ஆல் வகுங்கள்: 100 கிராம் ரெசினுக்குக் கிட்டத்தட்ட 13 கிராம். வைவாவில் முதல் கேள்வியே இதுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். நான் 200 கிராமை ஒரே பேப்பர் கப்பில் கலந்துவிட்டு போன் பேசப் போனேன்; வந்து பார்த்தால் கப் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. வினையின் சூடு வெளியேற வழியில்லை.

அடுத்து மழை. ஐப்பசியில் வார்த்த பத்து மாதிரிகளிலும் மேலே வெள்ளையாக ஒரு பிசுபிசுப்பு. தூசி என்று நினைத்துத் துடைத்தேன். "மழை நாள்ல யாராவது வடாம் புழிவாங்களாம்மா?" என்று சிரித்தார் சீனியர் அக்கா. காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் அமைன் சேர்ந்து உண்டாகும் படிவு அது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் போய்விடும். ஆனால் அந்த இடத்தில் இறுகுவதற்கு வேண்டிய அமைன் போனது போனதுதான். பத்தையும் தூக்கிப் போட்டேன்.

டி.எஸ்.சி.யில் (சூடாக்கும்போது மாதிரி எவ்வளவு வெப்பம் ஏற்கிறது, உமிழ்கிறது என்று அளக்கும் கருவி) ஒரே மாதிரியை இரண்டு தடவை சூடாக்குங்கள். அறை வெப்பத்தில் இறுக விட்டால், பிணைப்பு முழுமையாவதற்குள் பொருளே கண்ணாடிபோல் விறைத்து, வினை ஏறக்குறைய நின்றுவிடும். மிச்ச வினை முதல் ஓட்டத்தில் வெப்பம் உமிழும் மேடாகத் தெரியும். இரண்டாவதில் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது விறைத்த பொருள் இளகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறியிருக்கும். 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு அளந்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் இருக்காது.

மாதிரிகளை ஊறவைத்து எடை பார்க்கும் தண்ணீர்ச் சோதனைக்குத் தேவனாம்பட்டினத்துக் கடல்நீரையும் காய்ச்சி வடித்த நீரையும் எடுத்தேன். உப்புத் தண்ணீர்தான் அதிகம் கெடுக்கும் என்று பந்தயமே கட்டியிருந்தேன். நல்ல தண்ணீர்தான் அதிகம் உள்ளே போனது. உப்பு கரைந்த நீருக்கு உள்ளே நுழையும் உந்துதல் குறைவு. எடை போடுமுன் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஒற்றித் துடையுங்கள். எடை கூடுவதை நேரத்தின் வர்க்கமூலத்தோடு வரைந்தால் தொடக்கம் நேர்கோடாக வரும்.

ஐந்தாவது வாரம் ஒரு மாதிரியின் எடை குறைந்தது. நான் தப்பாக அளந்துவிட்டேன் என்று கிராஃபிலிருந்து அந்தப் புள்ளியை எடுத்துவிட்டேன். பிணையாத பொருள் கரைந்து வெளியேறினாலும் எடை குறையும் என்று அப்போது தோன்றவில்லை. வெளித் தேர்வாளர் கிராஃபைப் பார்க்கவே இல்லை. எடை நோட்டைத்தான் புரட்டினார்.