அத்தையின் நீலப் பட்டுப் புடவை

ஈதர் 34.6 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். தஞ்சாவூரில் ஏப்ரல் மாத மத்தியானம் அந்த எண்ணைச் சர்வ சாதாரணமாகத் தாண்டிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வைத்துக் கவலைப்படும் தேவை மட்டும், வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் தாய்மாமா ஈரத்தகட்டுப் புகைப்படம் எடுக்கத் தொடங்கும் வரை எனக்கு ஏற்பட்டதில்லை. அந்தக் கலையின் மூலப்பொருளான கொலோடியன், ஈதரும் ஆல்கஹாலும் கலந்த ஒரு பிசுபிசுப்பான திரவம். ஒரு காலத்தில் மருத்துவர்கள் காயத்தின் மேல் பூசி மூடிய அதே பொருளைக் கண்ணாடியில் பூசிப் படம் எடுக்கலாம் என்று 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் எழுதி வெளியிட்டார். அதற்குக் காப்புரிமையும் வாங்காமல், 1857இல் கையில் காசில்லாமல் இறந்துபோனார். மாமாவுக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு. அத்தைக்கு அவ்வளவாக இல்லை. ஈதர் ஆவி தீப்பற்றும் என்பதால், தகடு ஊற்றும் நாட்களில் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கத் தடை. வெயில் ஏறுவதற்கு முன்பே வேலையை முடிக்க வேண்டும் என்பதால், அந்தத் தடை சரியாகக் காலைக் காப்பி நேரத்தில்தான் அமலுக்கு வரும்.

கேமரா, மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து வாங்கிய வாகீஸ்வரி. ஆலப்புழையில் ஆர்மோனியம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் 1940களில் செய்யத் தொடங்கிய தேக்குமரக் கேமரா அது. துருத்தி செய்யத் தெரிந்தவர்களுக்குக் கேமரா அவ்வளவு தூரம் இல்லை போலும். லென்ஸ் அதைவிட மிகவும் பழையது. காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் தெருவில், பித்தளைக் குத்துவிளக்குகளுக்கு நடுவே பித்தளையோடு பித்தளையாகக் கிடந்ததை, அதன் மேல் பொறித்திருந்த டால்மேயர் என்ற லண்டன் பெயரைப் பார்த்ததும் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் மாமா எடைக்கு விலை பேசி வாங்கினார். வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த பெட்ஸ்வால் 1840இல் வகுத்த அமைப்பை ஒட்டிய லென்ஸ் அது. நடுவில் இருக்கும் முகம் கூர்மையாக விழ, சுற்றியுள்ளதெல்லாம் சுழன்று கலங்கித் தெரியும். ஷட்டர் கிடையாது. மூடியைக் கழற்றினால் படம் தொடங்கும், மூடினால் முடியும்.

இருட்டறை என்பது கொல்லைப்புறக் குளியலறை. அதில் சிவப்பு பல்பு எரிவதையும், ஆல்கஹால் வாடை வருவதையும், மாமா வியர்த்து விறுவிறுத்து வெளியே ஓடி வருவதையும் பார்த்த எதிர்வீட்டார் என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் ஓடுவதற்குக் காரணம் உண்டு. கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியனை ஊற்றி, ஆப்பச்சட்டியைச் சுழற்றுவதுபோல் நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, மிச்சத்தைப் புட்டியில் வடித்து, சில்வர் நைட்ரேட் கரைசலில் மூன்று நிமிடம் முக்கி எடுத்தபின், அது காய்வதற்குள் படமும் எடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். நம் ஊர் வெயிலில் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. 1860களில் சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் இந்தச் சாமான்களையெல்லாம் கூலியாட்கள் தலையில் ஏற்றி இமயமலைக்கே கொண்டுபோனார் என்று சொல்லிவிட்டு, "எனக்கு நீ ஒருத்தன்தான் மாப்ளே" என்று மாமா என் தோளில் முக்காலியைச் சாய்த்தார்.

அவர்களுடைய திருமண நாளுக்கு அத்தையைப் படம் எடுப்பதென்று முடிவானது. அத்தை ஆகாச நீலத்தில் ஒரு பட்டுப் புடவை கட்டி, முகத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தார். ஐந்தாறு வினாடி அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, லேத் பட்டறையில் சொல்லிச் செய்த இரும்புக் கழுத்துத் தாங்கியை மாமா பின்னால் கொண்டுவந்து பொருத்த, "கல்யாணத்தன்னைக்குக்கூட இப்படிப் பிடிச்சு வைக்கலை" என்றார் அத்தை. மாமா கறுப்புத் துணிக்குள் நுழைந்து, தலைகீழாகத் தெரிந்த மனைவியை நெடுநேரம் கூர்மைப்படுத்திவிட்டு, தகட்டைச் செருகி, மூடியைக் கழற்றி, வாய்விட்டு எண்ணினார்.

டெவலப்பர் ஊற்றிக் கழுவிய தகட்டில் முதலில் தெரிவது பால்போன்ற ஒரு நீலப் படலம்தான். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போக் கரைசல் இருந்த தட்டில் போட்டதும் அது ஓரத்திலிருந்து கரைந்து விலக, அடியிலிருந்து உண்மையான படம் எழுந்து வரும். அந்த நேரத்தில் வீட்டார் எல்லோரும் தட்டைச் சூழ்ந்து நிற்பது வழக்கமாகிவிட்டிருந்தது. முதலில் தூணும், பிறகு புடவையும் வந்தன. புடவை வெள்ளை வெளேரென்று இருந்தது. நெற்றியில் கறுப்பாக ஒரு பொட்டு, சரிகைக் கரை கரி, மஞ்சள் பூசிய முகம் நான்கு சுற்றுக் கறுத்திருந்தது. போதாக்குறைக்கு முந்தானை வலத்தோளில் சேட்டம்மா கட்டுப்போல் கிடந்தது.

யாரும் பேசவில்லை. அத்தைதான் பேசினார். "என்னங்க, நீங்க குத்துக்கல்லாட்டம் நிக்கும்போதே எனக்கு வெள்ளைப் புடவை கட்டிட்டீங்களே!"

மாமா ஒரு வகுப்புக்கு உரிய நிதானத்தோடு விளக்க முற்பட்டார். இந்தத் தகடு நீலத்தையும் ஊதாவையும் அதைத் தாண்டிய கண்ணுக்குத் தெரியாத ஒளியையும்தான் பார்க்கும். மஞ்சளும் சிவப்பும் அதற்கு இருட்டு. ஆகவே நீலப் புடவை வெளுத்ததும் குங்குமம் கறுத்ததும் விஞ்ஞானம் என்றார். இடம் வலம் மாறியதற்கும் பரிகாரம் இருக்கிறது, கண்ணாடியைத் திருப்பிப் பிடித்துப் படலத்தின் பக்கம் கறுப்புப் பூசினால் முந்தானை தன் தோளுக்கு வந்துவிடும் என்றார். அத்தை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, தகட்டை வாங்கிப்போய், தொட்டி முற்றத்தில் சபீனாவும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துவிட்டார். வார்னிஷ் பூசாத படலம் விரல் பட்டாலே உரியும். நாருக்கு அது ஒரு வேலையே இல்லை. கண்ணாடி பளபளவென்று திரும்பி வந்தது. தகடு துடைக்கும் வேலை இந்தக் கலையில் எத்தனை கடினமானது என்று பலமுறை புலம்பிய மாமா, அதன் சுத்தத்தைப் பாராட்டவும் முடியாமல், பாராட்டாமல் இருக்கவும் முடியாமல் நின்றார்.

அடுத்து அரக்குப் புடவை கட்டலாம் என்றார் மாமா. அது கன்னங்கரேலென்று விழும் என்று அவர் பாடத்திலிருந்தே அத்தை எடுத்துக்காட்டினார். விக்டோரியா காலத்து ஸ்டூடியோக்காரர்களும் எந்த நிறம் உடுத்தி வரலாம், எது கூடாது என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லித்தான் அனுப்பினார்கள் என்பது தெரிந்ததும், அத்தையே ஒரு வழி கண்டார். சுபகாரியங்களில் வெற்றிலை பாக்கோடு வந்து, தைக்காமல் பீரோவின் அடித்தட்டில் சேர்ந்துபோயிருந்த ரவிக்கைத் துணிகளையெல்லாம் எடுத்துக் கொடியில் வரிசையாகக் குத்தி, இதைப் படம் எடுங்கள் என்றார். அப்படி எடுத்த தகட்டில் மயில்கழுத்து சாம்பலாகவும், மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத கரியாகவும் விழ, வாடாமல்லி மட்டும் வெளுக்காமலும் கறுக்காமலும் பாந்தமாக நின்றது. என் பார்வையில் மாமா எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான்; இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

வாடாமல்லிப் புடவையில், மஞ்சள் பூசாத முகத்தோடு அத்தையின் படம் நன்றாகவே அமைந்தது. லாவெண்டர் எண்ணெய் கலந்த வார்னிஷ் பூசிக் காயவைத்த வாசனையில் வீட்டில் எல்லோருக்கும் மனமும் இளகியது. மாமாவின் விரல்களில் ஏறிய கறைதான் இளகவில்லை. தேர்தல் மையில் இருப்பதும் இதே சில்வர் நைட்ரேட்தான் என்பதை வாக்குச்சாவடியில் அவர் விளக்கியபோது, ஏற்கெனவே கறுத்திருந்த இடது ஆள்காட்டி விரலை அலுவலர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பட்டியலில் பெயருக்கு அடியில் கோடு இல்லாததைச் சரிபார்த்த பிறகே அனுமதித்தாராம்.

இப்போது உறவில் பலரும் படம் எடுத்துக்கொள்ள வருகிறார்கள். முன்பதிவும் நிற ஆலோசனையும் அத்தையின் பொறுப்பு. போன வாரம் என் அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அண்ணி, வேற எந்த நிறம்னாலும் பார்த்துக்கலாம், நீலம் மட்டும் கட்டிக்கிட்டு வந்துராதீங்க. அண்ணன் நல்லா இருக்காங்க."