சேவ் அழுத்தின நேரம் கரண்ட் போனால்

போன மாரியில் ஒருநாள் பின்னேரம், கொக்குவிலில் நாங்கள் மூன்று பேர் ஒரே லினக்ஸ் சேர்வரில் ஊர் வாசிகசாலையின் புத்தகப் பட்டியலைத் தட்டிக்கொண்டிருந்தோம். நான் சேவ் அழுத்தவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. திரும்ப வந்ததும் பார்த்தால் கோப்பின் பெயர் இருக்கிறது, அளவு 0. மூன்று கிழமை வேலை.

நான் பாவித்த எடிற்றர் பழைய கோப்பை முதலில் வெறுமையாக்கிவிட்டுத்தான் புதியதை எழுதும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

அதற்குப் பிறகு நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அதே அடைவில் (ஃபோல்டரில்) ஒரு தற்காலிகக் கோப்பு, அதில் முழுவதையும் எழுதி, எஃப்சிங்க் கொடுத்து வட்டில் இறங்கியதை உறுதிசெய்து, கடைசியில் ரினேம், அதாவது அதன் பெயரைப் பழைய கோப்பின் பெயராக மாற்றுவது. ரினேம் ஒரே வீச்சில் நடக்கும், அதனால் அந்த நேரம் கோப்பைத் திறக்கிற ஆளுக்குப் பழையது முழுதாகக் கிடைக்கும், இல்லையென்றால் புதியது முழுதாகக் கிடைக்கும். வட்டின் வேறு பகுதியில் (பார்ட்டிஷனில்) இருக்கிற கோப்பை இப்படி மாற்ற முடியாது, அதுதான் அதே அடைவு. எஃப்சிங்கை விட்டுவிடக் கூடாது. 2009இல் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமை வந்த புதிதில் அதைச் செய்யாத மென்பொருள்களின் கோப்புகள் இப்படியே 0 ஆகிப் பலர் அல்லாடினார்கள்.

சரி, முடிந்தது என்று இருந்தேன். இரண்டு நாள் கழித்துத் தம்பி வந்து, "அண்ணை, என்ர கோப்பை என்னால திறக்கவே ஏலாமல் கிடக்கு" என்றான். பார்த்தால் உரிமையாளர் இடத்தில் அவன் பெயர் போய் என் பெயர், அனுமதி 600, அதாவது உரிமையாளர் மட்டுமே வாசிக்கலாம், எழுதலாம். தற்காலிகக் கோப்பை உருவாக்கியது நான், அது எனக்கு மட்டும் என்றே பிறக்கும், ரினேம் அதை அப்படியே அவன் கோப்பின் இடத்தில் வைத்துவிட்டது. அடைவில் எழுத அனுமதி இருந்தால் போதும், கோப்பு யாருடையது என்று ரினேம் கேட்காது. ஹார்ட் லிங்க், அதாவது அதே கோப்புக்கு இன்னொரு பெயர், இருந்தால் அதுவும் அறுந்து, மற்றப் பெயரில் பழையதே கிடக்கும்.

விம், ஈமாக்ஸ் என்ற எடிற்றர்கள் இரண்டும் இதை எவ்வளவு கவனமாகப் பார்க்கின்றன என்று அப்போதுதான் விளங்கியது. விம்மில் பேக்கப்கொப்பி என்ற அமைப்பு ஓட்டோவில் (auto) இருந்தால், உரிமை மாறும் என்று கண்டதும் முதலில் ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டு மூலக் கோப்புக்குள்ளேயே எழுதும். நடுவில் கரண்ட் போனாலும் பிரதி இருக்கும். பலர் சேர்ந்து வேலைசெய்யும் இடத்துக்கு இதுதான் நல்லது என்பேன்.

ஸ்கிரிப்டைத் தூக்கிவிட்டேன். இப்போது மூன்று பேரும் விம்தான். ஒருவர் திறந்திருக்கும் கோப்பை மற்றவர் திறந்தால் ஸ்வாப் கோப்பு (திறந்திருக்கும்போது விம் பக்கத்தில் வைக்கும் தற்காலிகக் கோப்பு) இருக்கிறது என்று எச்சரிக்கும், உடனே மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து "ஆர் உள்ளுக்க?" என்று கேட்டுவிடுவோம்.