அப்டேட் நின்றது ஒரு சின்னப் பற்றரியால்

கொம்பியூட்டர் கடையில் "போமட் அடிக்கவேணும்" என்று சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். முதலில் திரையின் வலது கீழ் மூலையில் திகதி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. பஸ்ஸுக்குக் கொடுத்த காசும் வீணாய்க் கரைந்த டேட்டாவும் இன்னும் மனதில் கிடந்து எரிவதால்தான் எழுதுகிறேன்.

வீட்டில் இருப்பது நான்காம் தலைமுறை ஐ3 போட்ட பழைய டவர். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். எனவே அந்தப் பேச்சு இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தாலும், வீட்டில் பாவிப்பவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள். அதற்குப் பதிய வேண்டும். பதிய விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 வேண்டும். என்னுடையது 21எச்2இல் அசையாமல் கிடந்தது. அப்டேட் அமத்தினால் பூச்சியத்தில் நிற்கும், பிறகு எரர் வரும். மறுபடி அமத்தினால் மறுபடி பூச்சியம்.

டவரை உர பாக் ஒன்றில் போட்டுக் கட்டி, ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம், அங்கே பஸ் மாறிக் கிளிநொச்சி. முழுவதும் மடியில்தான். கடைப் பெடியன் ஒன்றிரண்டு இடத்தில் அமத்திப் பார்த்தான்.

"ரீச்சர், இது சரிவராது. போமட் அடிச்சுப் புதுசாப் போட்டுத்தாறன்."

"உள்ளுக்குக் கிடக்கிறதெல்லாம்?"

"பக்கப் எடுக்கிறதெண்டா அதுக்கு வேற காசு. எல்லாரும் இப்பிடித்தான் செய்யிறவை."

உள்ளே கிடப்பது பல வருடத் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், அதிலும் பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. எந்த எழுத்துரு எந்தக் கோப்புக்கு என்று அந்தப் பெடியனுக்கு எப்படித் தெரியும்? திருப்பித் தா என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. வேலை தொடங்குமுன் அவன் திகதியைத் திருத்தினான். என் கண்முன்னால்தான். அது ஏன் பிழைத்துக் கிடந்தது என்று ஒரு வார்த்தை யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பூட்டிப் போட்டதும் மின்னஞ்சல் திறக்கவில்லை. "உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது" என்று குரோம் சொன்னது. மூலையில் பார்த்தால் 2014 ஜனவரி 1.

அங்கேதான் பிடி கிடைத்தது. மதர்போட்டில் ஒரு ரூபாய்க் குற்றி மாதிரி ஒரு பற்றரி இருக்கும், சிஆர்2032 என்பார்கள். கறண்ட் இல்லாத நேரம் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். பிளக் சுவரில் இருக்கும்வரை, டவரை நிறுத்தினாலும் மதர்போட்டுக்குச் சொட்டுக் கறண்ட் போய்க்கொண்டிருக்கும். பற்றரி செத்தது வெளியே தெரியாது. ஆனால் மாரி தொடங்கினால் எங்கள் பக்கம் பின்னேரம் பின்னேரம் இடி. முதல் முழக்கம் கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். ஒவ்வொரு பிடுங்கலுக்கும் கொம்பியூட்டர் பழைய ஆண்டுக்கே திரும்பிப் போயிருக்கிறது. மைக்ரோசொஃப்டின் சேவர், தான் போலி இல்லை என்று காட்டும் சான்றிதழ் இந்த ஆண்டுக்குரியது. 2014இல் இருக்கிற இயந்திரத்துக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். அதனால் நம்ப மறுக்கிறது, தொடர்பு அறுகிறது. எரர் 80072எஃப்8எஃப் என்று முடிந்தால் முதலில் திகதியைத்தான் பார்க்க வேண்டும்.

முள்ளியவளையில் மணிக்கூடு திருத்துகிற ஐயாவிடம் பற்றரி இருந்தது. "இதுக்கே பிள்ளை கிளிநொச்சிக்குப் போனனீ?" என்றார். என்ன சொல்ல.

மாற்றுவது சுகம்: பிளக்கைக் கழற்றி, டவரின் இரும்பைத் தொட்டுவிட்டு, பக்கத்துக் கிளிப்பைத் தள்ளினால் பற்றரி மேலே எழும்பும். கூட்டல் குறி மேலே பார்க்கப் புதியதை வையுங்கள். ஆனால் பற்றரியைக் கழற்றினால் பயோஸ் (விண்டோஸ் எழும்புமுன் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் பழையபடி மாறிக் கிடந்து, விண்டோஸே எழும்பாமல் போகலாம். பயோஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவைத்த பிறகு பற்றரியில் கைவையுங்கள். நான் எடுத்து வைத்திருந்தேன், தேவைப்பட்டது.

திகதி சரிவந்ததும் அப்டேட் இறங்கத் தொடங்கியது. நூறு வரை போய், பொருத்தும்போது வேறொரு எரர். பழைய அரைகுறைக் கோப்புகளின் வேலை அது. சேவைகள் பட்டியலில் "விண்டோஸ் அப்டேட்"டையும் அதோடு ஓடும் "பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர்" சேவையையும் நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கிற சொஃப்ட்வெயார் டிஸ்ரிபியூஷனில் டவுன்லோட் என்பதைத் திறந்து, உள்ளே இருப்பதை அழித்து, சேவைகளைத் திரும்பத் தொடக்கினால் போதும். கோப்புறையை அழிக்க வேண்டாம், உள்ளே கிடப்பதை மட்டும்.

துப்புரவாக்கியாயிற்று, இனி முழுவதையும் முதலிலிருந்து இறக்க வேண்டும். போன் ஹொட்ஸ்பொட்டில் அது முடியாத காரியம். போதாததற்கு, டெலிவரி ஒப்டிமைசேஷன் என்று ஒன்று இருக்கிறது: நீங்கள் இறக்கிய அப்டேட்டை இணையத்தில் வேறு ஆட்களின் கொம்பியூட்டருக்கும் அனுப்ப இடம் கொடுக்கும். ஊருக்கெல்லாம் தானம் பண்ண எங்களிடம் டேட்டா இல்லை, நிறுத்திவிடுங்கள்.

வவுனியாவில் படிக்கிற மருமகனிடம் கேட்டேன். மைக்ரோசொஃப்ட் அப்டேட் கற்றலொக் என்ற தளத்தில் அப்டேட்டுகளைத் தனிக் கோப்பாக எடுக்கலாம். எனக்கு வேண்டிய பெரிய அப்டேட்டின் எண்ணைச் சொன்னேன்: கேபி5066791, 2025 ஒக்டோபர் 14இல் வந்தது. இந்தப் பக்கம் வந்த ஒருவரிடம் பென்ட்ரைவைக் கொடுத்தனுப்பினான். ஆவலோடு இரட்டைக் கிளிக் செய்தால், "இந்த அப்டேட் உங்கள் கணினிக்குப் பொருந்தாது."

கோப்பின் பெயரைப் பார்த்தேன். கடைசியில் ஆர்ம்64.

"மாமி, பட்டியல்ல முதலாவதா இருந்ததைத்தான் இறக்கினனான்."

ஒரே எண்ணில் புரொசசர் வகைக்கு ஏற்ப எக்ஸ்86, எக்ஸ்64, ஆர்ம்64 என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். எங்களைப் போன்றவர்களின் டவருக்குப் பெரும்பாலும் எக்ஸ்64தான். செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போனால் எழுதியிருக்கும். அதை எழுத்தெழுத்தாகச் சொல்லித் திரும்ப இறக்கவைத்தேன். கூடவே கேபி5015684ஐயும் கேட்டேன். 21எச்2ஐ 22எச்2 ஆக்குகிற சின்னக் கோப்பு அது.

பெரிய அப்டேட்டைப் பொருத்தி றீஸ்ராட் கொடுத்தால் முப்பது சதவீதத்தில் நின்றது. நின்றதோ, செத்ததோ என்று திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது. டவரின் முன்பக்கத்தில் ஹார்ட் டிஸ்க்கின் சின்ன லைற்றைப் பாருங்கள். அது விட்டு விட்டு மின்னினால் வேலை நடக்கிறது, பட்டனில் கைவைக்காதீர்கள். மின்னிக்கொண்டுதான் இருந்தது. அந்த நேரம் பார்த்து முத்தையன்கட்டுப் பக்கம் இருண்டுகொண்டு வந்தது. பிளக்கைப் பிடுங்கினால் அப்டேட் நாசம், விட்டால் மின்னல். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய யூபிஎஸ் இருந்தபடியால் தப்பினேன். சுவர்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு யூபிஎஸ்ஸிலேயே ஓடவிட்டேன். அது கீச்சுக் கீச்சென்று கத்த, மகள் காதைப் பொத்திக்கொண்டு சதவீதம் வாசித்தாள். நூறு வந்து, திரும்ப எழும்பி, பெயரைக் காட்டியதும் ஒழுங்காக நிறுத்திவிட்டேன்.

மழை விட்டபிறகு சின்னக் கோப்பு. தேநீர் ஆறுமுன் முடிந்தது. தேடும் பெட்டியில் வின்வர் என்று அடித்துப் பதிப்பைப் பார்த்தால் 22எச்2. அப்டேட் பக்கத்தில் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புக்குப் பதியும் இணைப்பும் வந்தது. அங்கே மூன்று வழி காட்டும்: அமைப்புகளை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம், இல்லையென்றால் மைக்ரோசொஃப்ட் தரும் ரிவோர்ட்ஸ் புள்ளி ஆயிரம், அல்லது 30 டொலர். காசு கட்டப் போகாதீர்கள், முதலாவதை எடுங்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லைத் தேடி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

மாதாந்த அப்டேட் அமெரிக்காவில் இரண்டாவது செவ்வாய் காலையில் விடுகிறார்கள். எங்களுக்கு அது இரவு பத்தரை, பதினொன்றரை. நடுச்சாமத்துக்குப் பிறகு தொடங்கும் இரவு டேட்டாவுக்குத் தோதான நேரம். யூபிஎஸ்ஸைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள், அடுத்த செவ்வாய் முடியத் தாறன் என்று சொல்லியிருக்கிறேன்.