நாலு நாளுக்கு ஒரு நாள்

"அக்கா, அங்க ஆன்-கால் எப்படி?" என்றுதான் கேட்டான், என் இடத்துக்கு வரவிருந்த ஜூனியர் டாக்டர். ராத்திரி ஃபோன் வந்தால் எழுந்து ஓட வேண்டிய முறைதான் ஆன்-கால். "காண்ட்ராக்ட்ல நாலு நாளைக்கு ஒரு நாள்னு போட்டிருக்கே" என்றேன். பொய்யில்லை. ஒன்பதாம் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

அதை அச்சடித்தபோது நாலு டாக்டர்கள் இருந்தோம். ஒருவர் ஓய்வு பெற்றார். இன்னொருவர் வேவர் (விசா விலக்கு) கேட்கும் மூன்று வருடம் முடிந்த கையோடு மினியாபொலிஸுக்குக் கிளம்பிவிட்டார். மிச்சம் இரண்டு பேர். ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி, தலையணைக்கு அடியில் ஃபோன். இதைத்தான் நான் சொல்லவில்லை.

சொல்லியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பான். அவன் ஜே-1, அதாவது வெளிநாட்டு டாக்டர்கள் பயிற்சிக்கு வருகிற விசா. ரெசிடென்சி என்கிற அந்தப் பயிற்சி முடிந்தால் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம். இந்த விலக்கைத் தரும் கான்ராட் திட்டத்தில் ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 இடம்தான். டெக்சாஸுக்கும் 30, எங்கள் வடக்கு டகோட்டாவுக்கும் 30. (அந்த கான்ராட் இந்த மாநிலத்து செனட்டராக இருந்தவர்தான். 1994இல் 20 என்று ஆரம்பித்தது, 2002இல் 30 ஆனது.) பேரம் பேசுகிற இடத்திலா இருந்தான் அவன்?

ஆனால் கையெழுத்துக்கு முன்னால் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கலாம்: நாலு நாளைக்கு ஒரு நாளுக்கு மேல் போனால் தனிச் சம்பளம், இல்லை வெளியிலிருந்து தற்காலிக டாக்டர். கையெழுத்து ஆனபிறகு வாய் திறக்க முடியாது. தக்க காரணமில்லாமல் நடுவில் விலகினால் அந்த இரண்டு வருடம் மறுபடி தலையில் வந்து உட்காரும். இதெல்லாம் அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் உறுத்துகிறது.

எனக்கு ஜூனில் மூன்று வருடம் முடிந்தது. வீட்டுக்காரர் சிகாகோவில். நான் கிளம்பி, என் இடத்துக்கு யாரும் வராவிட்டால், ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் ருபார்ப் ஜாம் பாட்டிலோடு வந்து, கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டு போகிற அந்தக் கிழவர் இனி பிஸ்மார்க் வரை இரண்டு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். பனிக்காலத்தில் அதுவும் முடியாது. அவருக்காகத்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். அவரை நினைத்து மனசு உறுத்தாமல் நான் கிளம்ப வேண்டும் என்பதற்காகவும்தான். எது எத்தனை பங்கு என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவன் நல்ல டாக்டர். அந்த ஊருக்கு அவன் தேவை. அதுவும் நிஜம்தானே?

போன வாரம் ஒரு படம் அனுப்பினான். சுவரில் ஒட்டிய மாத அட்டவணை, நீல மையில் ஒன்றுவிட்டு ஒன்றாக அவன் பெயர். கீழே ஒரு வார்த்தையும் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாப்டியாடா?" என்று அனுப்பினேன்.

"ம்" என்று வந்தது.