வேன் ஷவரும் மாசி மகமும்: கடலூர் நாட்குறிப்பு

22 பிப்ரவரி 2025, சனி

வேனைத் தங்கிப் போகிற மாதிரி மாற்றிய பிறகு இன்றுதான் முதல் முறையாகத் தண்ணீர் நிரப்பினேன். பின்சீட்டு இருந்த இடத்தில் 100 லிட்டர் டேங்க். அதை ஒட்டி 12 வோல்ட் டயாபிரம் பம்ப். ஒரு சின்ன சிங்க், பின்கதவு வழியாக வெளியே இழுத்துக்கொள்ள ஒரு கை ஷவர்.

மாசி மகத்துக்கு இன்னும் 18 நாள். அக்கா வீடு, சித்தப்பா வீடு எல்லாம் சேர்ந்து 11 பேர் தேவனாம்பட்டினத்தில் முழுக்குப் போடுவோம். ஒவ்வொரு வருஷமும் உப்பும் மணலும் ஒட்டிய உடம்போடு மஞ்சக்குப்பம் வரை திரும்புவது அம்மாவுக்குப் பெரிய கஷ்டம். பித்தவெடிப்பில் உப்பு ஏறி ராத்திரி முழுக்க எரியும். இந்த முறை கரையேறியதும் நல்ல தண்ணீரில் அவரைக் குளிக்க வைத்துவிட வேண்டும்.

ஷவரைத் திறந்தேன். நூல் மாதிரி விழுந்தது. 10 லிட்டர் வாளி நிரம்ப 5 நிமிடம் 10 விநாடி ஆயிற்று. நிமிடத்துக்கு 2 லிட்டர்கூட இல்லை. பம்பில் ஒட்டியிருக்கும் தாளில் 11 லிட்டர் என்று போட்டிருக்கிறது. அது குழாய் எதுவும் மாட்டாமல் திறந்துவிட்டால் வரும் அளவுதான், சரி. அதற்காக இவ்வளவு குறையுமா?

அம்மா வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு குடமும் சொம்பும் எடுத்துட்டுப் போனா போதுமே தம்பி" என்றார்.

23 பிப்ரவரி, ஞாயிறு

வீட்டுக்கு வழக்கமாக வரும் பிளம்பர் அண்ணனைக் கூப்பிட்டேன். "பெரிய பம்பா மாத்திடலாமா அண்ணே?" என்று கேட்டதற்கு, "முதல்ல ஒரு கேஜ் மாட்டிப் பாரு தம்பி, காசை அப்புறம் செலவு பண்ணலாம்" என்றார். பம்பை விட்டு வெளியே வரும் குழாயில் 'டீ' என்கிற T வடிவ இணைப்பைப் போட்டு, பிரஷர் கேஜை மாட்டினார்.

குழாயை மூடியதும் முள் 35 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) வரை ஏறி பம்ப் நின்றது. ஷவரைத் திறந்ததும் முள் சரசரவென்று 8-க்கு இறங்கிவிட்டது. அண்ணன் அந்த முள்ளைத் தொட்டுக் காட்டிச் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். தண்ணீர் ஓடும்போது முள் மேலேயே நின்றால் அடைப்பு கேஜுக்கு அப்புறம். முள் விழுந்தால் கோளாறு பம்பிலோ பம்புக்கு முன்னாலோ. ஒன்று, பம்புக்குத் தண்ணீர் போகவில்லை; இல்லை, கரண்ட் போகவில்லை.

பிறகு எங்கள் வீட்டு மாடித் தொட்டியைக் காட்டினார். குளியலறைக் குழாயிலிருந்து 4 மீட்டர் உயரம். ஒரு மீட்டருக்கு 1.4 பி.எஸ்.ஐ. என்று போட்டால் அங்கே 6-கூட வராது. ஆனால் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிரம்பிவிடுகிறது, காரணம் முக்கால் அங்குலக் குழாய். அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு என்று படித்திருக்கிறேன். இன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பம்புக்கு முன்னால் இருக்கும் பில்டரின் கிண்ணத்தைக் கழற்றினோம். வலை தெரியவே இல்லை. டேங்கில் ஓட்டை போட்டபோது விழுந்த வெள்ளை பிளாஸ்டிக் சீவல், தேங்காய்த் துருவல் மாதிரி சுருள் சுருளாக அப்பியிருந்தது. நடுவில் கொஞ்சம் செம்மண். கழுவி மாட்டியதும் வாளிக்கு 3 நிமிடம் 40 விநாடி.

1 மார்ச், சனி

இன்று வயர். பேட்டரியில் 12.6 வோல்ட்; பம்ப் ஓடும்போது அதன் முனையில் 10.9 தான். பேட்டரி முன்பக்கம், பம்ப் பின்பக்கம். இடையில் 6 மீட்டருக்கு 1 சதுர மி.மீ. வயரை இழுத்துவிட்டிருந்தார்கள். நடுவில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு வேறு. போக வர 12 மீட்டர், பம்ப் இழுப்பது 6 ஆம்பியர். வயரிலேயே ஒன்றேகால் வோல்ட் போய்விடும், மீதியை அந்த முறுக்கல் தின்றுவிட்டது. 4 சதுர மி.மீ. வயர் வாங்கி, முனைகளில் லக் (செம்பு வளையம்) அடித்து, பியூஸோடு மாட்டினேன். இப்போது பம்பில் 12.2. அதன் சத்தமே மாறிவிட்டது.

வாளிக்கு 2 நிமிடம் 40. ஓடும்போதும் முள் 28-ல் நிற்கிறது. அப்படியானால் மிச்ச அடைப்பு இனிமேல் ஷவர் பக்கம்.

2 மார்ச், ஞாயிறு

பலகையைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. ஷவருக்குப் போவது ஆர்.ஓ. மெஷினில் போடுகிற கால் அங்குல டியூப்! குடிதண்ணீர் பிடிக்கச் செய்த டியூபில் குளிக்கத் தண்ணீர் எப்படி வரும்? உள்விட்டம் பாதியானால் அதே ஓட்டத்துக்குத் தடை குறைந்தது 16 மடங்கு கூடும். லாரன்ஸ் ரோட்டில் அரை அங்குல ஹோஸும் கிளிப்பும் வாங்கிவந்து மாற்றினேன். இரண்டு எல்போவை எடுத்துவிட்டு ஹோஸையே அகலமாக வளைத்துவிட்டேன்.

வாளி 1 நிமிடம் 20 விநாடி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையை நீட்டிப் பார்த்து, "ம், இது தண்ணி" என்றார்.

சந்தோஷம் 20 லிட்டர் வரைதான். அதற்குப் பிறகு ஓட்டம் குறைந்துகொண்டே வந்தது. டேங்கின் பக்கச் சுவர் உள்ளே குழிந்திருந்தது. மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று காற்று உள்ளே போனது, ஷவரும் உடனே வேகம் பிடித்தது. காற்றுக்குழாயின் வெளிமுனையைக் குச்சியால் குத்தினேன்; கையில் உதிர்ந்தது குளவி கட்டிய மண்கூடு. வண்டி இரண்டு மாதம் வேப்பமரத்தடியில் நின்றதே. கொசுவலைத் துண்டு ஒன்றை முனையில் கட்டிவிட்டேன்.

8 மார்ச், சனி

இப்போது வேறு கவலை. நிமிடத்துக்கு 7.5 லிட்டர் போனால் 100 லிட்டர் 13 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆள் 11. தலைக்கு 9 லிட்டருக்கு மேல் கொடுக்க முடியாது. விரலால் நிறுத்திக்கொள்ளும் பட்டன் வைத்த, துளை குறைந்த ஷவர் தலை ஒன்று மாட்டினேன். நிமிடத்துக்கு 5 லிட்டர், ஆனால் ஊசி ஊசியாக வேகமாக விழுகிறது. உப்பு போக இது போதும்.

ஆனால் பட்டனைப் பாதி அழுத்தினால் பம்ப் டக் டக் டக்கென்று நின்று நின்று ஓடுகிறது. தண்ணீர் அமுங்காது. கொஞ்சம் எடுத்தாலும் அழுத்தம் விழுந்து பம்ப் எழும், எழுந்ததும் அழுத்தம் ஏறிப் பம்ப் நிற்கும். நடுவில் அமுங்கிக் கொடுக்கக் காற்று வேண்டும். அதற்கு அக்குமுலேட்டர் என்கிற சின்ன டேங்க் இருக்கிறது. உள்ளே ஒரு ரப்பர் பை, பைக்கு ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர்.

9 மார்ச், ஞாயிறு

அக்குமுலேட்டர் புதுச்சேரியில் கிடைத்தது. வழியில் பாரதி பூங்காவில் சற்று உட்கார்ந்தேன். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக நிற்பதுதான் ஆயி மண்டபம். எத்தனையோ முறை பார்த்தது. இந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு பார்க்கும்போது, மின் மோட்டார் இல்லாத நாளில் சரிவை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டவர்களைக் கும்பிடத் தோன்றியது.

லாஸ்பேட்டையில் நண்பர் வீட்டில் பிரஷர் பம்ப் இருக்கிறது. அந்தத் தண்ணீரை நேராக வண்டிக் குழாயில் கொடுத்தேன். முள் 60-ஐத் தொட்டு, சிங்க் அடியில் ஒரு ஹோஸ் கழன்று மெத்தை நனைந்தது. அவசரப்பட்டது என் தப்பு. அழுத்தத்தைக் குறைக்கும் பித்தளை ரெகுலேட்டர் வாங்கி 40-ல் வைத்த பிறகுதான் மறுபடி கொடுத்தேன்.

சாயங்காலம் அக்குமுலேட்டரை மாட்டினேன். நம் பம்ப் 22-ல் எழுவதைக் கேஜில் பார்த்துவிட்டு, லைனில் அழுத்தம் எதுவும் இல்லாதபோது சைக்கிள் பம்பால் 20 வரை காற்றடித்தேன். டக் டக் அடங்கிவிட்டது.

12 மார்ச், புதன், மாசி மகம்

விடியுமுன் கிளம்பி, கடற்கரைக்கு வெகு முன்னாலேயே உறவுக்காரர் தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்திவிட்டோம். சுற்றூர்ச் சாமிகள் ஒவ்வொன்றாகத் தீர்த்தவாரிக்கு வந்துகொண்டிருந்தன. மேளச் சத்தம் தோப்பு வரை கேட்டது.

முழுக்குப் போட்டுவிட்டு வந்ததும் அம்மாவை முதலில் நிறுத்தினேன். தென்னை மூட்டில் ஒரு பலகை; அதன்மேல் நின்றார். தலைக்கு, முதுகுக்கு, கடைசியாகக் காலுக்கு. குனிந்து விரலிடுக்கு மணலை நானே எடுத்தேன். சோப்பு வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன், தண்ணீர் மரத்துக்குத்தானே போகிறது. அக்கா பையன் போனில் நேரம் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒன்றரை நிமிடம் எண்ணினான். சித்தப்பா மட்டும் இரண்டு நிமிடம் நின்றார். 11 பேரும் முடித்தபோது டேங்கில் 15 லிட்டர் மிச்சம்.

ராத்திரி அம்மாவிடம் கால் எரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

13 மார்ச், வியாழன்

டேங்கை வடித்தேன். பில்டரில் ஒரு சிட்டிகை மணல் மட்டும். வெளியே உப்புக்காற்று பட்ட கிளிப்புகளைத் துடைத்து எண்ணெய் தடவினேன். ஷவர் இணைப்பில் சொட்டுச் சொட்டாக ஒரு கசிவு. டெஃப்லான் டேப் இன்னும் இரண்டு சுற்று சுற்ற வேண்டும்.