மிருதங்கத்துக்கு இரண்டு மைக்

நாளை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கச்சேரி. மடிக்கணினியில் 16 டிராக்காக, அதாவது 16 தனித்தனித் தடங்களாகப் பதிவு செய்யப் போகிறேன். ஒலித்தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் மணிக்கு 8 ஜிபிக்குச் சற்று மேல், இடம் இருக்கிறது. பதிவுக்கு இடையூறு வராமலிருக்க வைஃபையையும் அணைத்தாகிவிட்டது.

மிருதங்கக் கலைஞர்களே, ஒலிச்சோதனையில் மெல்லத் தட்டிவிட்டுத் தாளக் கலைஞர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் வெளுத்து வாங்குவீர்கள் என்று தெரியும். அதனால் சோதனையின்போது உச்சத்தை மைனஸ் 18 டெசிபலிலேயே, அதாவது பதிவின் மேல் வரம்புக்கு 18 டெசிபல் கீழேயே நிறுத்திவிடுவேன். 24 பிட்டில் குறைவாக எடுத்ததைப் பின்னால் உயர்த்திக்கொள்ளலாம். வரம்பைத் தாண்டி உச்சி வெட்டுப்பட்ட அடியை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கு ஒரு மைக், இடப்பக்கமான தொப்பிக்கு ஒன்று. பாடகரின் மைக்கில் வயலின் கசியத்தான் செய்யும், பக்கத்தில் உட்கார்ந்தால் வேறென்ன நடக்கும்!

சபையோருக்கும் இரண்டு மைக் உண்டு. ‘ஆஹா’ இல்லாத கச்சேரிப் பதிவு எதற்கு? இருமலை மட்டும் இடைவேளைக்கு ஒத்திவையுங்கள், புண்ணியமாகப் போகும்.