ஆறடி இரண்டங்குலத்துக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்

என் உயரம் 6 அடி 2 அங்குலம். அதில் கால்தான் பெரும்பங்கு. ஸ்கூட்டரில் போய் யு டர்ன் எடுத்தால் ஹேண்டில்பார் முழங்காலில் இடிக்கும். லைசென்ஸுக்காக எட்டுப் போட்டது நண்பனின் 100 சிசி வண்டியில். அதற்கப்புறம் கியர் வண்டியைத் தொட்டதே அபூர்வம். இந்த நிலையில்தான் பழைய ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தேன். தேடிப் பார்த்து, பேர் மாற்றி முடிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. என்னைப் போல நெடுநெடுவென்று வளர்ந்து, இனிமேல்தான் ஓட்டிப் பழகப் போகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் நான் பார்த்தது சீட் உயரத்தை மட்டும்தான். கே.டி.எம். ஆர்.சி. 390க்கு 820 மி.மீ., யமஹா ஆர்15 மூன்றாம் வெர்ஷனுக்கு 815, டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310க்கும் பஜாஜ் பல்சர் ஆர்.எஸ். 200க்கும் 810, சுசுகி ஜிக்ஸர் எஸ்.எஃப். 250க்கு 800, கவாஸாகி நின்ஜா 300க்கு 785. சீட் உயர உயர எனக்குப் பொருந்தும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கே தப்பு. தரையில் கால் எட்டுமா என்பதைத்தான் சீட் உயரம் சொல்லும். எனக்கு இதில் எந்த வண்டியிலும் இரண்டு பாதமும் நன்றாகவே பதியும். நான் பார்க்க வேண்டியிருந்தது வேறு: சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது, ஹேண்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறது, எவ்வளவு தாழ்ந்திருக்கிறது. விற்பவர்கள் போடும் விளம்பரத்தில் இதெல்லாம் இருக்காது. உட்கார்ந்தால்தான் தெரியும்.

சென்னை வேளச்சேரியில் முதலில் பார்த்தது ஆர்15. பார்க்க அவ்வளவு அழகு. உட்கார்ந்து காலை மடக்கி ஃபுட்ரெஸ்ட்டில் வைத்ததும் முழங்கால் டேங்கின் பள்ளத்தில் அடங்காமல் மேலே தூக்கி நின்றது. முழங்கை அதன்மேல் வந்து உரசியது. ஐந்து நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. உயரம் குறைந்த நண்பன் அதே வண்டியில் ஏறினான், அளவெடுத்துத் தைத்தது போல இருந்தான். வண்டியில் குறையில்லை, என் காலுக்கு அதில் இடமில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த வண்டியானாலும் மெயின் ஸ்டாண்டோ, பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டோ போட்டு, அது இல்லையென்றால் நண்பனைப் பின்னால் பிடிக்கச் சொல்லி, இரண்டு காலையும் மேலே வைத்து 20 நிமிடம் உட்காருவேன். ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, கட்டை விரலோ முழங்காலோ எங்காவது நசுங்குகிறதா என்று பார்ப்பேன். ஓட்டும்போது போடப்போகும் ஷூவையே போட்டுக்கொண்டு போவேன். என் ஷூ அளவு 11. சில வண்டிகளில் கியர் லீவருக்கு அடியில் அதன் முனையே நுழையவில்லை. விற்கிறவர்கள் பொறுமை இழப்பார்கள். பரவாயில்லை, தினமும் ஏறி உட்காரப் போகிறவன் நான்தானே.

ஆர்.சி. 390 மேல் எனக்கு ரொம்ப நாள் ஆசை. போரூரில் ஒன்றைப் பார்த்தேன். ஹேண்டில் நன்றாகத் தாழ்ந்திருந்ததால் உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கியது. அதைக்கூடப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன்தான் தடுத்தார். "தம்பி, 43 குதிரைத்திறன் வண்டி. பள்ளத்துல விழுந்து எழும்போது உன் கை தன்னால ஆக்ஸிலேட்டரை முறுக்கிரும். கை படியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அவர் சொன்னது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். புதிதாக ஓட்டுபவருக்கு 25 குதிரைத்திறன் தாராளம். அதைவிட முக்கியம் ஏ.பி.எஸ்., அதாவது சட்டென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயமானது. அதனால் அதற்குப் பிந்திய வண்டி, முடிந்தால் இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். இருப்பது என்று தேடலைச் சுருக்கினேன். பட்ஜெட்டும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது.

அம்பத்தூரில் பார்த்த ஆர்.ஆர். 310 உடம்புக்கு மிகவும் பொருந்தியது. முழங்கால் டேங்கில் ஒட்டி உட்கார்ந்தது, முதுகு லேசாகத்தான் குனிந்தது. சிங்கிள் ஓனர், பெயின்ட் பளபளப்பு, விலையும் இறங்கி வந்தது. அட்வான்ஸ் கொடுக்க பர்ஸை எடுத்துவிட்டேன். அண்ணன் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு டார்ச்சோடு கீழே உட்கார்ந்தார். ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் மேலும் போகாமல் தடுக்க, ஃப்ரேமின் கழுத்துப் பகுதியில் சின்ன முட்டு ஒன்று இருக்கும். வண்டி முன்பக்கமாக மோதினால், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வேகமாகத் திரும்பி அதில்தான் இடிக்கும். இந்த வண்டியில் வலது பக்க முட்டு நசுங்கி, அதன்மேல் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தது. வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையான ஃபேரிங்கின் உள்பக்கத்தைப் பார்த்தால் இரண்டு இடத்தில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருந்தார்கள். வெளியே ஒரு கீறல் கிடையாது. எழுந்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். வீடு வந்து சேரும்வரை நான் பேசவில்லை.

ஃபேரிங் வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சாதாரண பைக்கில் அடிபட்டால் கண்ணுக்குத் தெரியும், இதில் உறை மூடிவிடும். ஒரு பக்க பேனலையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடலாம். ஹேண்டில் முனை, பிரேக் லீவரின் நுனி, ஃபுட்ரெஸ்ட் முனை இந்த மூன்றும் தேய்ந்திருக்கிறதா, மற்றது பழசாக இருக்க அது மட்டும் புதுசாக இருக்கிறதா என்றும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். மீட்டர் 9,000 கி.மீ. காட்டி, டயர் அதற்குள் இரண்டாம் முறை மாறியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். போகும் முன்பே போனில் "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு, போனதும் என்ஜின் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். தாம்பரத்தில் ஒரு வண்டி நாங்கள் போகும்போதே சூடாக இருந்தது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டியை அப்படித்தான் மறைப்பார்கள்.

கடைசியில் அமைந்தது ஜிக்ஸர் எஸ்.எஃப். 250. 249 சிசி, 26.5 குதிரைத்திறன், 161 கிலோ, ஆயில் கூலிங், இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். ஆர்.ஆர். 310 அளவுக்குத் தாராளம் இல்லை, ஆனால் ஹேண்டில் உயரமாக இருந்ததால் 20 நிமிடமும் நிம்மதியாக உட்கார முடிந்தது. முட்டு இரண்டும் சுத்தம். ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இல்லை. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் எங்கும் சிக்கவில்லை, அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்கான கோன்செட் நன்றாக இருந்தது. செயின் ஸ்ப்ராக்கெட் மட்டும் மாற்ற வேண்டும் என்றார் அண்ணன். அதைச் சொல்லிக் குறைத்து 1,18,000 ரூபாய்க்கு முடித்தோம்.

ஆனால் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தில் ஹெச்.பி. இருந்தது, அதாவது வண்டி கடனுக்கு ஈடு என்ற பதிவு. கடன் கட்டி முடித்தாயிற்று என்று விற்றவர் சொன்னார், அவர் சொன்னது உண்மையும்கூட. ஆனால் கடன் கொடுத்த நிறுவனம் அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35ஐயும், ஆட்சேபம் இல்லை என்ற என்.ஓ.சி. கடிதத்தையும் தர மூன்று வாரம் இழுத்தது. அதுவரை 10,000 மட்டும் அட்வான்ஸ் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டேன். முழுப் பணம் கொடுத்திருந்தால் அந்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கம் வந்திருக்காது. இதற்கிடையில் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் அபராத பாக்கி ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டேன். அப்புறம் பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, ஆர்.டி.ஓ. ஆபீஸ், கட்டணம். இன்ஷூரன்ஸைப் பேர் மாற்ற 14 நாள்தான் அவகாசம், அதைத் தள்ளிப் போடாதீர்கள். இன்ஷூரன்ஸில் கிளெய்ம் செய்யாததற்காக விற்றவர் சேர்த்து வைத்திருந்த தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், வாங்குபவருக்கு வராது. அது அவருடையது.

வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தது அண்ணன்தான். அந்த டிராஃபிக்கில் ஓட்டும் அளவுக்கு என் கை தயாராக இல்லை. இரண்டு வாரம் காலையில் காலி மைதானத்தில் கிளட்ச்சை மட்டும் விட்டு மெதுவாக நகர்த்துவது, 30 கி.மீ. வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பது என்று பழகினேன். அண்ணன் கியர் லீவரைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக் கொடுத்தார், ஷூ தாராளமாக நுழைந்தது.

மூன்றாவது ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரில் கோவளம் வரை போனேன். 80ஐத் தொட்டதும் விண்ட்ஷீல்டைத் தாண்டிய காற்று நேராக ஹெல்மெட்டில் வந்து அறைந்தது. என் உயரத்துக்கு அந்தக் கண்ணாடி தாழ்வு, உயரமானது மாற்ற வேண்டும். இறங்கி நின்றபோது முழங்காலில் வலியே இல்லை, மணிக்கட்டு மட்டும் வலித்தது. கையில் பாரம் போடாமல் டேங்கைத் தொடையால் இறுக்கிப் பிடித்து ஓட்டச் சொல்லியிருந்தார் அண்ணன். டீ குடித்துவிட்டு, திரும்பும் வழியெல்லாம் அப்படியே ஓட்டிப் பார்த்தேன்.